வடக்கு மூலையிலிருந்து

குருக்களாகி, புதிதாகப் பங்குக் கோயில்களின் பொறுப்பு ஏற்கப்போகிற உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க ஃபாதர்" என்றார்கள். அனுபவம் என்றால் செய்த தப்புகள்தானே. அது என்னிடம் நிறைய இருக்கிறது, வசதியாக உட்காருங்கள்.

என்னைப் பற்றி யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். செடி சாமியார். மாற்றல் வந்தால் மற்ற குருக்கள் இரண்டு பெட்டியோடு கிளம்புவார்கள். நான் ஒரு மினி வேன் நிறையப் பழைய செய்தித்தாளோடு போய் இறங்குவேன். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் ஒரு செடி காய்ந்துகொண்டிருக்கும். புதுப் பங்கில் யாராவது ஒருவர் ஆசையாக ஓடிவந்து, "எடைக்குப் போட்டுரலாமா சாமி?" என்று கேட்பார். கோயிலில் இருக்கிற தடித்த பூசைப் புத்தகங்கள் பாதி என் அறையில் செடிகளுக்குப் பாரமாகக் கிடக்கும். இதனால் என்ன பிரயோஜனம் என்று ஆயரே ஒருமுறை கேட்டார். "பிடிச்சிருக்கு ஆண்டகை" என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை.

முதலில் ஒரு சின்னத் தப்பு. என் இரண்டாவது பங்கில் ஒரு சவ ஊர்வலம். நான் முன்னால் நடக்கிறேன். வேலியோரத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு கொடி பூத்துக் கிடந்தது. கால் தானாக நின்றுவிட்டது. நான் நின்றதும் சிலுவை பிடித்தவர் நின்றார், பெட்டி தூக்கியவர்கள் நின்றார்கள், ஊரே நின்றது. எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஐயோ, மாட்டிக்கொண்டோமே என்று சட்டென்று பரலோக மந்திரத்தை ஆரம்பித்தேன். எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். கொடியின் இலையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே முடித்தேன். இன்றைக்கும் அந்த ஊரில் எந்தச் சாவு என்றாலும் அந்த வேலியருகே நின்று ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார்கள். கொடி எப்போதோ போய்விட்டது, அந்த இடத்தில் இப்போது ஒரு பரோட்டாக் கடை.

சிரியுங்கள். நானும் பல வருஷம் இதைச் சொல்லிச் சிரித்தேன். நாம் எங்கே நிற்கிறோம், எதைத் தொடுகிறோம், எதைத் தாண்டிப்போகிறோம் என்று ஜனங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், அதற்கெல்லாம் அவர்களாக ஒரு காரணம் வைத்துக்கொள்கிறார்கள் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. அது உறைத்தது என் கடைசிப் பங்கில்.

அந்தப் பங்கு பென்னலூர்ப் பக்கம். பழைய கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம். மற்றபடி தெற்கிலிருந்து வேலைக்கு வந்து, ஒரு அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கிற பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை நேரத்தைக்கூட ஷிஃப்ட்டைக் கேட்டுத்தான் வைக்கவேண்டும். சுற்றிலும் கம்பெனிகளும் கிடங்குகளும் வந்து, நிலத்தையெல்லாம் நிரவிச் சரளை கொட்டிவிட்டார்கள். ஒரு செடி தேடிப் போனால் காவலாளி விசில் அடிப்பார். ஜேசிபி கால் படாத ஒரே நிலம் எங்கள் கல்லறைத் தோட்டம். அதனால் எனக்கு அங்கே அடிக்கடி வேலை இருந்தது. சாமி இறந்தவர்களுக்காக இவ்வளவு செபிக்கிறாரே என்று ஊரில் நல்ல பேர்.

ஐப்பசி மழை இரண்டு விழுந்திருந்தது. ஒரு பெரியவரின் அடக்கம் முடிந்து வெளியே வரும்போது, வடக்கு மூலையில் ஒரு கல்லறைமேல் அதைப் பார்த்தேன். தரையோடு படர்ந்த செடி, இலை முழுக்கப் பட்டு மாதிரி மயிர், நுனியில் மொட்டு. கிலுகிலுப்பை வகை என்பது தெரிந்தது. எந்தக் கிலுகிலுப்பை என்பது தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் இத்தனை வருஷம் சுற்றியும் நான் அதைக் கண்டதில்லை. அங்கியோடு மண்ணில் குப்புறப் படுத்து இலையை அளந்தேன். குறிப்பேட்டில் எழுதினேன்: "மண் செந்நிறம், மிக மெல்லிய மணல், சுற்றியுள்ள மண்ணோடு ஒட்டவில்லை." எல்லாவற்றையும் எழுதினேன். கல்லறைச் சிலுவையில் இருந்த பேரை மட்டும் படிக்கவில்லை.

தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்திய கன்னியாஸ்திரி ஒருவர் இருந்தார். பேரைச் சொன்னால் இப்போதும் திட்டுவார், அதனால் சொல்லவில்லை. செடி விஷயத்தில் எனக்கு ஆயர், போப்பாண்டவர் எல்லாம் அவர்தான். படம் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"காய் எங்க ஃபாதர்?"

"இன்னும் பூக்கவே இல்ல சிஸ்டர்."

"அப்புறம் என்ன அவசரம்? பூவும் காயும் இல்லாம இதுக்குப் பேர் சொல்ல முடியாது. ஒரு மாசம் பொறுங்க."

பொறுக்கலாம். ஆனால் நவம்பர் இரண்டு பொறுக்காதே. கல்லறைத் திருநாளுக்கு முன்னால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மண்வெட்டியோடு வந்து ஒரு புல் மிச்சமில்லாமல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டுவிடுவார்கள். என் செடி குப்பைக்குப் போய்விடும்.

விஷயத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் அதிலும் எனக்குச் சூடு பட்டிருந்தது. முந்தைய பங்கில் ஒரு செடியைக் காட்டி இது அபூர்வம் என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலையில் செடி இருந்த இடத்தில் குழி இருந்தது. ஆளாளுக்குக் கஷாயம் வைத்துக் குடித்திருந்தார்கள். சர்க்கரை வியாதிக்காம். ஆகவே இந்த முறை ரொம்பப் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டேன். பங்கில் ஒருவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. அவரிடம் கேட்டு, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பிளாஸ்டிக் டேப் ஒரு சுருள் வாங்கினேன். எண்ணெய் கொட்டிய இடத்தில், மின்சாரம் கசிகிற இடத்தில், ஆள் போகாமல் சுற்றிக் கட்டுவார்களே, அது. நாலு மூங்கில் நட்டு அந்தக் கல்லறையைச் சுற்றிக் கட்டினேன். ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பும் கொடுத்தேன்: "அவரவர் கல்லறையைச் சுத்தம் செய்யலாம். வடக்கு மூலையில் டேப் கட்டிய இடத்தை மட்டும் யாரும் தொடவேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன்."

காரணம் பிறகு சொல்கிறேன்! ஒரு பங்குச் சாமியார் வாயிலிருந்து இதைவிட ஆபத்தான வார்த்தை வராது. ஆனால் அன்றைக்கு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு இட்லி இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் ஒன்று. சகல புனிதர்கள் திருநாள் பூசை முடிந்து நான் பீடத்துக்குப் பின்னால் சங்கீஸ்தி அறையில் பூசை உடையை மாற்றிக்கொண்டிருந்தேன். கோயில் வேலைகளில் எனக்குத் துணையாக இருந்த உபதேசியார் சவரிமுத்து உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அந்த ஊர்க்காரர், எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன். அன்று மட்டும் தயங்கினார்.

"சாமி, ஒண்ணு கேக்கட்டா? கோச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"அந்தப் பையன் தானாப் போயி வுழுந்தான்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"எந்தப் பையன்?"

"இன்னா சாமி இப்டி கேக்குறீங்க? வினோத்து. போன வருசம் ஏரில வுழுந்து செத்தானே, தெக்கத்திப் பையன். நீங்கதான பொதைச்சீங்க. அவன் கல்லறையச் சுத்தி டேப்பு கட்டி வெச்சிகினு எந்தப் பையன்னு கேக்குறீங்களே!"

வினோத்தை எனக்கு நினைவிருந்தது. இருபத்து மூன்று வயது. ஏரிக்குக் குளிக்கப் போனவன் தவறி விழுந்தான் என்று விசாரித்து எழுதினார்கள். அதே வாரம் அவனுடைய ஒப்பந்த வேலை முடிந்து கம்பெனியில் நிறுத்தியிருந்தார்கள். ஆகவே ஊரில் இரண்டு விதமாகப் பேச்சு இருந்தது. அவன் அம்மா சூசையம்மாள் பென்னலூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் வேலை. அன்று குழியருகே அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

"ஊருக்குள்ள இன்னா பேசிக்கினு கீறாங்க தெரியுமா?" என்றார் சவரிமுத்து. "சாமிக்கு உள்விசயம் ஏதோ தெரிஞ்சிருக்கு, அதான் மந்திரிக்காம ஒதுக்கி வெச்சிட்டாருன்றாங்க. முன்ன காலத்துல தற்கொல பண்ணிக்கினவங்கள அந்த மூலைலதான் பொதைப்பாங்களாம். பெருசுங்க சொல்லுது. அதுக்குத் தோதா நீங்க டேப்பு வேற கட்டிட்டீங்க."

"அவங்க அம்மா என்ன சொன்னாங்க?"

"இன்னா சொல்லுவாங்க. நேத்து சுண்ணாம்பு வாளியோட வந்தாங்க. டேப்பப் பாத்தாங்க. அப்டியே திரும்பிப் போய்ட்டாங்க."

அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? செடியை வேர்மண்ணோடு பெயர்த்து ஒரு தொட்டியில் வைத்துவிடலாம் என்பதுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உங்களுக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன். ஒரு தாய் தன் பிள்ளையின் கல்லறையைத் தொடமுடியாமல் திரும்பிப் போயிருக்கிறாள், நான் தொட்டி தேடுகிறேன்.

இரண்டாவதாகத் தோன்றியது, டேப்பைப் போய் அவிழ்த்துவிடுவது. அவிழ்த்தால், அந்த அம்மா அழுததால் சாமி இறங்கிவந்துவிட்டார் என்பார்கள். மூன்றாவது, மறுநாள் பிரசங்கத்தில் செடிக் கதையைச் சொல்வது. சொன்னால், நல்லா சமாளிக்கிறார் என்பார்கள். என் வாயால் கெடுத்ததை என் வாயாலேயே சரிசெய்ய முடியாது என்பது அப்போதுதான் புரிந்தது. சிஸ்டருக்குப் போன் செய்தேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "ஃபாதர், உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" என்றார். "எனக்கு எதுக்கு போன் பண்றீங்க? அந்த அம்மாகிட்ட போங்க." வைத்துவிட்டார்.

போனேன். ஹாஸ்டல் சமையலறை வாசலில் உட்கார்ந்து சூசையம்மாள் முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தார். எப்போதும் என்னைக் கண்டால் எழுந்து ஸ்தோத்திரம் சொல்கிறவர். அன்று சொல்லவில்லை. கத்தியும் நிற்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன் சாமி. எம் புள்ள பாவியா?"

"இல்லம்மா."

"பொறவு என்னத்துக்கு வேலி போட்டிய?"

"ஒரு செடிக்காகம்மா" என்றேன்.

"செடிக்கா?"

போனில் படத்தைக் காட்டினேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தூரமாக வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இதா? எங்கூருக் கிலுக்குச் செடியில்லா இது! செம்மண் தேரிக்காட்டுல கால் வைக்க எடமில்லாமக் கெடக்கும். ஆடுகூடச் சீந்தாது. இதுக்கா சாமி எம் புள்ளைக்கு வேலி போட்டிய?"

சிரிக்க ஆரம்பித்தார். சத்தமாகச் சிரித்தார். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். அப்படியே அந்தச் சிரிப்பு அழுகையாக மாறிவிட்டது. நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க ஊர்ச் செடி இங்க எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? இருந்தாலும் கேட்டேன்.

"நாந்தான் கொண்டாந்திருக்கேன் போல" என்றார். "முப்பதாம் நாள் பூச முடிஞ்சு ஊருக்குப் போனேம்லா, அப்ப அவிய அப்பா கல்லறையிலேருந்து ஒரு அரிசிப் பை நெறைய மண்ணு அள்ளிட்டு வந்தேன். எம் புள்ள யாரும் இல்லாத ஊருல ஒத்தையில கெடக்கான். அவன் அப்பன் மண்ணாவது மேல கெடக்கட்டும்னு பரப்பிவிட்டேன். அதுல வெத கெடந்திருக்கும்."

செந்நிறம், மிக மெல்லிய மணல், சுற்றியுள்ள மண்ணோடு ஒட்டவில்லை. என் கையெழுத்தில் நானே எழுதியது. மண் வேறு என்று கண்டுபிடித்த மகா மேதைக்கு, யார் கொண்டுவந்து போட்டது என்று கேட்கத் தோன்றவில்லை.

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன். "டேப்பை இப்பவே போய் அவுத்துடறேன். செடியையும் புடுங்கிடலாம்."

"புடுங்கத்தான் வேணும் சாமி. களை மண்டிக் கெடந்தா நாதியத்தவன் கல்லறைன்னுல்லா சொல்லுவாவ. ஆனா டேப்ப அவுத்தா மட்டும் ஊரு வாய அடைச்சிர முடியுமா?"

அதுதான் கேள்வி. "நாளைக்கு நாலரைக்கு வாங்க. சுண்ணாம்பு வாளியோட வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். டேப்பை அன்று அவிழ்க்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது.

மறுநாள் முதல் ஷிஃப்ட் முடிந்து பிள்ளைகள் சீருடையோடு பஸ்ஸிலிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். பழைய குடும்பங்கள் எல்லாம் வந்துவிட்டன. மழை இல்லை. எல்லாக் கல்லறையிலும் மாலை, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி. வடக்கு மூலையில் மட்டும் டேப் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. சூசையம்மாள் வாளியோடு அதற்கு வெளியே தனியாக நின்றார். பக்கத்தில் யாரும் போகவில்லை.

கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க அங்கே ஒரு வரிசை உண்டு. நடுவில் இருக்கிற பெரிய சிலுவை, பிறகு அங்கே புதைத்திருக்கிற குருக்கள், பிறகு ஊர்ப் பெரிய குடும்பங்கள். வடக்கு மூலைக்கு வந்து சேரும்போது வெளிச்சமும் போயிருக்கும், சாமியாரின் குரலும் போயிருக்கும். சவரிமுத்து தீர்த்தச் செம்போடு பெரிய சிலுவையை நோக்கி இரண்டு அடி வைத்தார். எனக்கு அந்தச் சவ ஊர்வலம் நினைவுக்கு வந்தது. நான் நின்றால் ஊர் நிற்கும். நான் வடக்கே திரும்பி நடந்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம் மட்டும் தொடர்ந்து வந்தது. நான் டேப்பை அவிழ்த்து, பந்தாகச் சுருட்டி, அங்கிப் பைக்குள் திணித்தேன். மூங்கில்களைப் பிடுங்கிப் போட்டேன். பிறகு மண்டியிட்டுக் கல்லறையில் இருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

அந்தச் செடி அன்றைக்குத்தான் பூத்திருந்தது. மஞ்சள் பூ, மூன்று. சவரிமுத்துவும் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காதோரமாகச் சொன்னார்.

"சாமி, இது உங்க செடி."

"தெரியும். புடுங்குங்க."

அவருக்குக் கை வரவில்லை. நானே வேரோடு பிடுங்கி மற்றப் புல்லோடு போட்டேன். வலித்தது, பொய் சொல்லமாட்டேன். சூசையம்மாள் எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்து தானும் பிடுங்கினார். அப்புறம் தெற்கத்திப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவன் வாளியை வாங்கிச் சுண்ணாம்பு அடித்தான். இன்னொருவன் தன் கையில் இருந்த மாலையைச் சிலுவையில் போட்டான். நான் எழுந்து, தீர்த்தம் தெளித்து, வினோத்தின் பேரை என் தொண்டை இருந்த மட்டும் உரக்கச் சொல்லிச் செபித்தேன். அன்றைய முதல் செபம் அவனுக்குத்தான் நடந்தது. எல்லோரும் "ஆமென்" என்றார்கள்.

பெரிய குடும்பத்து ஐயா ஒருவர் என் அருகே வந்தார். "இன்னா சாமி, பெரிய சிலுவைலேர்ந்துதான ஆரம்பிப்போம்?"

"இனிமே இங்கேர்ந்துதான் ஐயா" என்றேன். அந்த வினாடி வரை அப்படி ஒரு முடிவு என்னிடம் இல்லை. வாயில் வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஏதாவது காரணம் அவராகவே வைத்துக்கொண்டிருப்பார்.

பிரசங்கம் ஒன்றும் வைக்கவில்லை. அடுத்த வாரம் சவரிமுத்து வந்து, "ஊருல பேச்சு ஓஞ்சிபோச்சு சாமி. தப்பா செத்திருந்தா சாமி மொதல்ல அங்க போயி முட்டி போட்டிருப்பாரான்றாங்க" என்றார். அந்த வாதமும் எனக்கு ஒப்பவில்லை. அவன் எப்படிச் செத்திருந்தாலும் நான் முட்டி போட்டிருக்கவேண்டியவன்தான். அதையும் பிறகு ஒரு ஞாயிறு சொன்னேன். எத்தனை பேர் காதில் வாங்கினார்கள் என்று தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த சூசையம்மாள் நேரே என் அறைக்கு வந்தார். கையில் தினத்தாள் மடிப்பு. உள்ளே வேர், இலை, பூ, காய் எல்லாமாக முழுச் செடி, கசங்காமல். ஒரு காயைத் தனியாக எடுத்து நீட்டினார்.

"காதுல வச்சு ஆட்டிப் பாருங்க சாமி. அவன் சின்னதுல பகல் முழுக்க இதத்தான் ஆட்டிட்டுக் கெடப்பான்."

ஆட்டினேன். உள்ளே விதைகள் குலுங்கின. அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிஸ்டர் பார்த்துவிட்டு, தென்பக்கத்து மணலில் சாதாரணமாகக் கிடக்கிற செடிதான் என்றார். "இங்க தானா மொளைச்சதில்ல, பையில வந்தது. புதுசாக் கண்டுபிடிச்சதா எழுதிடாதீங்க." எழுதவில்லை. ஆனால் தாளில் ஒட்டி வைத்திருக்கிறேன். மற்ற எல்லாத் தாளிலும் சேகரித்தவர் என்ற இடத்தில் என் பேர் இருக்கும். அந்தத் தாளில் மட்டும் சூசையம்மாள் என்று இருக்கும்.

ஓய்வு பெற்று இங்கே வந்துவிட்டேன். போன அக்டோபரில் இப்போது அந்தப் பங்கில் சாமியாராக இருக்கிற தம்பி போன் செய்தார். நல்ல பையன், எதையும் முறைப்படி செய்கிறவர்.

"ஃபாதர், ஒரு சந்தேகம். இங்க கல்லறை மந்திரிக்கிறதை ஏன் வடக்கு மூலையிலேர்ந்து ஆரம்பிக்கிறாங்க? உபதேசியாரைக் கேட்டா, வெள்ளக்காரச் சாமியாருங்க காலத்துலேர்ந்தே அப்டித்தான்னு அடிச்சுச் சொல்றாரு. இந்த வருஷம் பெரிய சிலுவையிலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு பாக்கறேன்."

சவரிமுத்துவை நினைத்துச் சிரிப்பு வந்தது.

"மாத்தாதீங்க தம்பி" என்றேன்.

"ஏன் ஃபாதர்?"

"அன்னைக்கு அந்த மூலையில ஒரு அம்மா சுண்ணாம்பு வாளியோட நிப்பாங்க. அவங்களைக் கேளுங்க."